அறிவியல் தமிழும் நம் மாணவர்களின் வாக்கியமும்

அறிவியல் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு: "பிள்ளைக்கு விடை தெரிகிறது, எழுதத்தான் தெரியவில்லை." கலைச்சொற்கள் கடினமாயிருப்பதே இதற்குக் காரணம் எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருதுகோள், மாறி, உற்றறிதல் ஆகிய சொற்களை நம் பிள்ளைகள் மனனம் செய்துவிடுகின்றனர். அச்சொற்களைத் தாங்கி நிற்க வேண்டிய வாக்கியமே முறிந்து கிடக்கிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் அறிவியல் எழுத முனைந்த ஒருவரின் வரலாறு இவ்விடத்தில் நமக்குப் பயன்படும். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றியதோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தையும் கற்பித்தார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. 1860களில் அதைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் கற்றவரே தம் ஊரில் தங்கி, தம் மக்களுக்கு மருத்துவம் பார்ப்பர் என்பது அவர் எண்ணம்.

கற்பிக்க நூல் வேண்டுமே! தமிழ் மாணவர்களையும் மருத்துவர்களையும் துணைக்கொண்டு அவர் நூல்களை உருவாக்கினார். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என அவை அச்சேறின. தலைப்புகளே அவர் பட்ட பாட்டைச் சொல்லும். சில வடமொழி, 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஆக்கியது. இன்று நாம் வேதியியல் என்கிறோம். அதனால் கிறீனைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை.

கிறீன் என்றாலே கலைச்சொல்லாக்கத்தைப் பேசுவது வழக்கம். அதனினும் பெரிய செயல் உரைநடையே என்பது என் கருத்து. தமிழ் மருத்துவ நூல்கள் அதுவரை பெரும்பாலும் செய்யுளாகவே இருந்தன. செய்யுள் நினைவில் நிற்கும். ஆனால் அறுவை செய்யப் பழகும் மாணவனுக்கு எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பது ஐயமின்றி விளங்க வேண்டும். அதற்கு உரைநடைதான் தகும். அங்கும் ஓர் இடர் காத்திருந்தது. ஆங்கிலம் பெயரை முதலில் கூறி, விளக்கங்களை அதன்பின் தொடுக்கும். தமிழில் எச்சங்கள் எல்லாம் பெயருக்கு முன் வரிசையாய் நிற்க, வினைமுற்று இறுதியில் வரும். ஆங்கிலத்தின் ஒரு நீண்ட வாக்கியத்தைத் தமிழிலும் ஒரே வாக்கியமாக்கினால், படிப்பவர் முற்றுவினையை எட்டுமுன் எழுவாயை மறந்துவிடுவார். உடைத்து எழுதுவதே வழி.

1873இல் தாயகம் திரும்பிய பின்னும், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டரில் இருந்தபடியே கிறீன் நூற்பணியைத் தொடர்ந்தார். 1884இல் மறைந்தார்.

இனி நம் மலாக்காவுக்கு வருவோம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோர் பால்வெட்டினர். ஏடறியாத பலரும் அத்தொழில் நுட்பத்தைத் தமிழிலேயே பிறருக்குக் கற்பித்தனர். "கத்தியைச் சாய்த்துப் பிடி. பட்டையை மட்டும் சீவு. கட்டையைத் தொடாதே." ஒரு வாக்கியம், ஒரு செயல். வெட்டு ஆழமாகிப் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படையைக் காயப்படுத்தினால் புதுப்பட்டை சீராக வளராது. அவ்வளவு அறிவியலும் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது.

தோட்டத்தில் அறுபடாத இத்தொடர்ச்சி பள்ளியில் அறுபட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின, தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவுசெய்தது; 2011இல் முதலாம் ஆண்டு வகுப்புக்குத் தமிழ் திரும்பியது. (2016இல் வந்த இருமொழிப் பாடத்திட்டத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) கலைச்சொற்கள் பட்டியலாகத் திரும்பிவிட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழில் அறிவியல் வாக்கியம் எழுதிப் பழகும் வாய்ப்பை இழந்த பிள்ளைகள் சிலர், இன்று பெற்றோராகவும் இளம் ஆசிரியராகவும் இருக்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு. பால்வெட்டும் நேரத்துக்கும் பாலின் அளவுக்கும் உள்ள தொடர்பை எழுதச் சொன்னால், "எவ்வளவு அதிகமாக நேரம் தாமதமாகிறதோ அவ்வளவு குறைவாகப் பால் கிடைக்கப்படும்" என்று எழுதுவர். மலாயில் 'செமாக்கின்' இரு முறை வருவதைத் தமிழில் அப்படியே நட்டு வைத்ததன் விளைவு இது. தமிழோ வினையை அடுக்கும்: "வெயில் ஏற ஏற, வடியும் பால் குறையும்." முடிந்தது!

காரணத்தையும் இவ்வாறே உடைக்கலாம். "அதிகாலையில் வெயில் இல்லை. அதனால் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறுவதில்லை. ஆகவே பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் மிகுதியாக வடியும்." இந்நான்கையும் ஒரே வாக்கியமாக்கிய பத்தி ஒன்றை மாணவர்களிடம் முதலில் கொடுங்கள், பிறகு இதனைக் கொடுங்கள். எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு தாள்களிலும் அம்புகள் எங்கெங்கே போகின்றன என்று பாருங்கள்.