உற்பத்தி ஆலைகளில் தரவுத்தளங்களை இணைத்தலும் பிரித்தலும்: முடிவுக்கான அளவுகோல்

உற்பத்தி ஆலையொன்றின் கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, தரக்கட்டுப்பாடு ஆகிய பிரிவுகளின் தரவுகளை ஒரே தரவுத்தளத்தில் வைப்பதா, தனித்தனியே வைப்பதா என்னும் வினாவுக்கு உரிமச் செலவையும் சேமிப்பிடத்தையும் மட்டும் கொண்டு விடை காண்பது போதாது. எந்த விவரங்கள் ஒருசேர மாறியாக வேண்டும், எந்தப் பணி முடங்கினாலும் எந்தப் பணி தொடர்ந்தாக வேண்டும் என்னும் இரு வினாக்களே முதன்மையானவை. முன்னது இணைப்பின் எல்லையையும் பின்னது பிரிப்பின் எல்லையையும் வரையறுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலை மாதிரி, பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகளைக் கருத்திற்கொண்டு எழுந்தது. அதன் வழிவந்த அமைப்புகளில் பரிவர்த்தனை என்பது, முழுமையாக நிறைவேறும் அல்லது நடவாததாகவே கொள்ளப்படும் செயல்களின் தொகுதியாகும். கிடங்கிலிருந்து 200 பேரிங்குகள் உற்பத்திக்கு வழங்கப்படும்போது, இருப்பு குறைவதும் உற்பத்தி ஆணையின் கணக்கில் அவை ஏறுவதும் ஒரே பரிவர்த்தனையாக நிகழாவிட்டால், ஏட்டிலுள்ள இருப்பும் அடுக்கிலுள்ள இருப்பும் முரண்படும். இவ்விரு பதிவுகளும் வெவ்வேறு தரவுத்தளங்களில் இருப்பின் இருகட்ட உறுதிப்பாடு தேவைப்படும். அதாவது, இரண்டும் ஆயத்தம் எனத் தெரிவித்த பின்னரே மாற்றம் உறுதி செய்யப்படும். இடையில் ஒருங்கிணைக்கும் கணினி செயலிழந்தால், ஆயத்தமான தளங்கள் பதிவுகளின் மீதான பூட்டுகளை விடுவிக்க இயலாமல் காத்திருக்க நேரும். எனவே கிடங்கு இருப்பையும் உற்பத்தி ஆணையையும் பிரிப்பது பெரும்பாலும் தவறான சிக்கனமாகவே முடியும்.

இயந்திர உணரிகளின் அளவீடுகளோ வேறு இயல்பின. நொடிக்குப் பன்முறை வந்து சேரும் அவை பின்னர் திருத்தப்படுவதில்லை. தொடர்ந்து சேர்க்கப்படுபவை மட்டுமே. முதற்பகுதி 2000இல் வெளிவந்த ஐஎஸ்ஏ-95 தரநிலை, நாள், வாரம், மாதக் கணக்கில் இயங்கும் வணிகத் திட்டமிடலையும் நொடிக் கணக்கில் இயங்கும் இயந்திரக் கட்டுப்பாட்டையும் வெவ்வேறு மட்டங்களில் நிறுத்தியிருப்பது இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது. மாத இறுதி அறிக்கைக்காகப் பல இலட்சம் வரிசைகள் படிக்கப்படும் வேளையில் உற்பத்தித் தளத்திலிருந்து வரும் பதிவுகள் தாமதப்படுமாயின், அங்கே பிரிவினை இன்றியமையாததாகிறது.

பிரிப்பு பெயரளவில் அமைந்தால் பயனில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில் ஜப்பானிலுள்ள டொயோட்டாவின் 14 ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. முந்தைய பராமரிப்புப் பணியின்போது வட்டில் இடம் போதாமல் போனதால் பாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் சேவையகங்கள் செயலிழந்ததாகவும், மாற்றுச் சேவையகங்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் பழுதுற்றதாகவும் அந்நிறுவனம் விளக்கியது. தனித்துப் பழுதுறும் ஆற்றல் இல்லாத அமைப்புகளை, எண்ணிக்கை எதுவாயினும், ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று.

பிரித்தால் ஒரே பாகத்திற்கு இரு குறியீடுகள் தோன்றிவிடும் என்னும் எதிர்வாதம் வலுவானது. ஆயினும் அதற்குத் தீர்வு யாவற்றையும் ஒன்றாக்குவது அன்று. பாகக் குறியீடு, பாகப் பட்டியல் போன்ற மூலத்தரவு ஒவ்வொன்றுக்கும் ஒரே உரிமைப் பிரிவை நியமித்து, ஏனைய தளங்கள் திருத்த இயலாத படிகளை மட்டுமே பெறச் செய்வதாகும். பரிவர்த்தனை எல்லைக்குள் இணைப்பும், பழுதின் எல்லையில் உண்மையான பிரிப்பும், அவற்றுக்கிடையே ஒருதிசைப் பகிர்வும் அமையுமாயின், கணக்கின் நம்பகமும் உற்பத்தியின் தொடர்ச்சியும் ஒன்றையொன்று பலிகொள்ள வேண்டியதில்லை.