துளை அட்டைக் கூடம்

1960களில் அமெரிக்க நிறுவனங்களின் கணினித் துறைகள், விவரங்களை அட்டையில் துளைகளாகப் பதியும் துளை அட்டைக் கூடத்தை நம்பியே இயங்கின. ஐபிஎம் 1928இல் அறிமுகப்படுத்திய 80 பத்தி அட்டைதான் அங்கே புழங்கியது. வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒருவர் துளையிட்ட அட்டையைச் சரிபார்ப்பு இயந்திரத்தில் வைத்து, அதே விவரத்தை இன்னொருவர் மறுபடி தட்டுவார். எல்லாம் பொருந்தினால் அட்டையின் வலது விளிம்பில் சிறு வெட்டு விழும். மூன்று முறை தட்டியும் பொருந்தாவிட்டால், பிழையான பத்திக்கு நேர் மேலே விழும். இவ்வளவு நுட்பமான உழைப்பை வெறும் தட்டச்சாகக் கருதியது அநியாயம்.

1971இல் ஐபிஎம் 3270 திரை முனையம் வந்தது. விற்பனை, கணக்குப் பிரிவு எழுத்தர்களே விவரங்களை நேரடியாகக் கணினியில் பதியலானார்கள். நிரலாளர்கள் நிரலைத் தாளில் எழுதிக் கொடுத்து, அட்டைக்காகக் காத்திருப்பதும் மெல்லக் குறைந்தது. பிழை பிடிக்கும் பொறுப்பு மென்பொருளுக்குப் போனது. 1980களில் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.