போர்வை ஓரத்துப் பொறித்தையல்

அமெரிக்கர் குவில்ட் என்று வழங்கும் போர்வை மூன்று அடுக்குகளை உடையது. மேலே, துண்டுத் துணிகளை இணைத்தமைத்த முகப்பு, அடியில் முழுத்துணி, இடையில் பஞ்சு. அடுக்குகள் பிரியாதபடி ஊடே தைத்த பின்னர், நாற்புறத்து ஓரங்களையும் ஒரு நீண்ட துணிப்பட்டியால் மூடித் தைத்து முடிப்பர். புழக்கத்தில் முதலில் நைவது அந்த ஓரமே.

எட்டடிச் சதுரப் போர்வைக்கு ஓரம் 32 அடி. அங்குலத்திற்கு எட்டுத் தையல் என்று கொண்டால், ஒரு சுற்றுக்கே 3,072 தையல்கள் ஆகின்றன. பட்டியை ஒரு பக்கத்தில் பொருத்தி, மடித்து, மறுபக்கத்தில் பதிப்பதற்கு இரண்டு சுற்றுகள் வேண்டும். பகலெல்லாம் வயலிலும் அடுக்களையிலும் உழைத்த பெண், இரவில் விளக்கொளியில் இதனைச் செய்தாள் என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

1845-இல் பாஸ்டன் நகரில் எலியாஸ் ஹோ தம் தையற்பொறியை இயக்கிக் காட்டினார். அது நிமிடத்திற்கு 250 தையல்கள் இட்டு, தையலில் தேர்ந்த ஐவரை வென்றது என்பர். மறு ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கரும் பெற்றார். ஆயினும் விலை எளியோர்க்கு எட்டவில்லை. 1856-இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையைப் புகுத்திய பின்னரே பொறி சிற்றூர் வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

பொறியை வாங்கியவர்கள் அதன் தையலை மறைக்க விரும்பவில்லை. முகப்பிலும் ஓரப்பட்டியிலும் கண்ணில் படும்படியே ஓட்டினர். சிலர் துணியின் நிறத்திற்கு மாறான நூலைக்கொண்டு தைத்து, அதையே அணியாக்கினர். அன்றைய பொறி நேர்கோடு ஒன்றையே அறியும். பூவேலை இடும் வீட்டுப் பொறிகள் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். பிற்காலத்துச் சேகரிப்பாளர் பலர், கைத்தையலே கலை, பொறித்தையல் மட்டம் என்று ஒதுக்கினர். இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. தைத்தவள் பெருமையோடு காட்டியதைக் குறையென்று கூற நமக்கு என்ன உரிமை?

ஹாரியட் பவர்ஸ் என்ற அம்மையாரை நோக்குங்கள். 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணியுருவங்களாக வெட்டிப் பதித்து அவர் அமைத்த போர்வையில், கைத்தையலும் பொறித்தையலும் கலந்தே காணப்படுகின்றன. 1886-இல் ஆதென்ஸ் நகரத்துப் பருத்திச் சந்தையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். பின்னரும் பலமுறை அந்த ஆசிரியையின் இல்லத்திற்குச் சென்று, தம் போர்வையைப் பார்த்து வந்தார். இன்று அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.