திரும்பிவந்த சிம்மாசனம்

கோஹினூர் வைரத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், நேயர்களே, என் நினைவு கண்டிக்கே ஓடுகிறது.

லாகூரிலே அந்த வைரத்தை 1849ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பெயர் குறித்தே எழுதி வாங்கினார்கள். கொடுத்த அரசன் துலீப் சிங்குக்கு வயது பத்து! கண்டியிலோ, சேனையின் கைக்கு அகப்பட்டதெல்லாம் போர்ப்பரிசு. 1815 பெப்ரவரி 18இல் மெதமகாநுவரைப் பக்கம் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பிடிபட்டான். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே கண்மூடினான். அவனுடைய அரச அணிகள் அதற்கு முன்னமே, 1820இல், லண்டனில் ஏலம் போய்ச் சிதறிவிட்டன.

சிம்மாசனம் ஏலத்துக்குத் தப்பியது. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் காணிக்கையாகத் தந்த பொற்றகடு வேய்ந்த ஆசனம் அது. நூறாண்டுக்கு மேல் வின்ட்சர் கோட்டையில் இருந்தது. 1934இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் குளோஸ்டர் கோமகன் அதனைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம்.

பிரித்தானிய ஆட்சி இங்கே நிலவிய காலத்திலேயே, யாரும் படையெடுக்காமல், கொண்டுபோனது திரும்பி வந்திருக்கிறது. கோஹினூர் விடயத்தில் மட்டும் ஒரு சிறுவனின் கையொப்பத்தைக் காட்டி வாதாடுகிறார்களே, அது எனக்கு விளங்கவில்லை.