நியூசிலாந்தின் இன்ஹேலர் கதை

இழுப்பு இருக்கிறவங்களுக்குத் தெரியும், பாக்கெட்டில் நீலக் கலர் இன்ஹேலர் இருக்கான்னு தடவிப் பார்க்காமல் வாசலைத் தாண்ட மனசு வராது. அதே வகை இன்ஹேலர் ஒரு நாட்டில் ஆட்களைக் கொன்று, இன்னொரு நாட்டில் கொல்லாமல் விட்டதுன்னா நம்புவீங்களா?

முதல் கூத்து பிரிட்டனில். 1960களில் ஐசோபிரினலின் ஃபோர்ட்டுன்னு ஒரு இன்ஹேலர் வந்தது. சாதாரண இன்ஹேலரைவிட ஐந்து மடங்கு வீரியம், டாக்டர் சீட்டே இல்லாமல் வாங்கலாம். சின்ன வயசு ஆஸ்துமா சாவுகள் கிடுகிடுன்னு ஏறின. 1968-ல் சீட்டைக் கட்டாயமாக்கினாங்க, எச்சரிக்கையும் பரவியது, சாவு இறங்கியது. அமெரிக்கா ஏன் தப்பித்ததுன்னு பால் ஸ்டாலி என்பவர் 1972-ல் ஆராய்ந்தார். விடை ரொம்ப சிம்பிள். அந்த ஃபோர்ட் அமெரிக்காவில் விற்பனைக்கே வரலை.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சா, 1976-ல் நியூசிலாந்துக்கு ஃபெனோட்டெரால் வந்தது. ஒரு அமுக்குக்கு 200 மைக்ரோகிராம், சால்பியூட்டமாலில் 100தான். அரசு மானியமும் உண்டு, அதனால் சரசரன்னு பரவியது. 1979 வாக்கில் 5 முதல் 34 வயசுக்காரர்களில் லட்சத்துக்கு நாலு பேருக்கு மேல் ஆஸ்துமாவில் செத்தாங்க. வேறெந்த நாட்டிலும் அப்போ இவ்வளவு இல்லை. ஃபெனோட்டெராலுக்கு அமெரிக்கா அனுமதியே தரலை.

வெலிங்டனில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி குழு 117 சாவுகளை எடுத்து, 468 பேரோடு ஒப்பிட்டு 1989-ல் லான்செட்டில் எழுதினாங்க. உடனே எதிர்ப்பு. "மோசமான நோயாளிக்குத்தானே இதைக் கொடுத்தோம், சாகத்தான் செய்வாங்க"ன்னு ஒரு வாதம். நியாயமான சந்தேகம்தான். ஆனா அப்படின்னா, மோசமான நோயாளிகளை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் மறையணும் இல்லையா? மறையலை, இன்னும் கூடித்தான் போச்சு!

1989 கடைசியில் அரசு மானியத்தை நிறுத்தியது. எங்க பாஷையில் ரோல்பேக். சந்தேகமான மாற்றத்தைத் திரும்ப எடுத்துட்டு, பக் போகுதான்னு பார்க்கிறது. போச்சு. சாவு விகிதம் பாதிக்கும் கீழே விழுந்தது. பரப்பினதும் மானியம், நிறுத்தினதும் அதே மானியம்.

பின்லாந்து வேற வழியில் போனது. 1994-ல் பத்து வருஷத் திட்டம் போட்டு, நோய் ஆரம்பிக்கும்போதே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கொடுக்கச் சொன்னாங்க. ஊர் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் வரைக்கும் பயிற்சி. 1993-ல் வருஷத்துக்கு 1,10,000 நாளாக இருந்த ஆஸ்பத்திரிப் படுக்கை 2003-ல் 51,000 ஆனது.

சரி, பிரிட்டன் பாடம் கத்துக்கிச்சான்னு கேட்டா... 2012-13ல் நடந்த ஆஸ்துமா சாவுகளை அங்கே ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-ல் அறிக்கை விட்டாங்க. நீல இன்ஹேலர் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, சாகறதுக்கு முந்தின வருஷத்தில் 12-க்கு மேல் எழுதிக் கொடுத்திருக்காங்க. மாசத்துக்கு ஒன்றுக்கும் மேலே! டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாத நாட்டில்.

நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து அனுப்பாதீங்கன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா சொன்னது 2019-ல். ஃபெனோட்டெரால் நியூசிலாந்தில் இறங்கி 43 வருஷம் கழிச்சு.