பிடித்தலும் விடுதலும்: பனிச்சறுக்குப் பிணைப்பின் வரலாறு

எலுவன்குளத்தை அடுத்துக் கலா ஓயா கலக்கும் களப்புக்கு அப்பால், கற்பிட்டிக் கரையிலே, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் பட்டத்தின் இழுவையால் நீரிற் சறுக்கி விளையாடுவோரைக் காணலாம். அவர்களுட் பெரும்பாலோர் பலகையின் வாரினுள் பாதத்தை நுழைத்திருப்பரேயன்றிப் பூட்டியிருப்பதில்லை. விழும்போது கால் தானே கழன்றுவிடும். பனிச்சறுக்கில் நிலைமை வேறு. அங்கு நீண்ட பலகை காலோடு இறுகப் பூட்டப்படுகிறது. வீழ்ச்சியில் அதுவே நெம்புகோலாகிக் கீழ்க்கால் எலும்பை முறுக்கும். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதே அவ்விளையாட்டுக் கருவியின் வரலாறு எனலாம். வளர்ந்தோருக்கு ஓரளவு கிடைத்துவிட்ட விடை, எடை குறைந்த வளரும் பருவத்தினருக்கு, அதிலும் அந்தரத்திற் சுழன்று வித்தை புரிவோருக்கு, இன்றும் எளிதன்று.

ஆதியிற் பிடிப்பே வேண்டப்பட்டது. நோர்வேயின் தெலமார்க் பகுதியினரான சொன்ட்ரே நோர்ஹைம் 1860களில் முறுக்கிய மிலாறுகளாற் குதிகாலைச் சுற்றிப் பிணைத்தார். பாய்தலும் திரும்புதலும் கைவந்தன. 1894இல் பிரிட்ஸ் ஹுயிட்பெல்ட் உலோகத் தாடைகளைக் காலணியின் முன்புறத்துக்குப் பொருத்தினார். 1930களிற் பரவிய கண்டஹார் பிணைப்பு உருக்குக் கம்பியாற் குதியை அழுத்திப் பிடித்தது. கட்டுப்பாடு கூடிற்று, கால் முறிவதற்கான வாய்ப்பும் உடன் கூடிற்று.

மாற்றுக் கண்டவர் கால் முறிந்த ஒருவரே. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த யால்மர் வாம், 1937இல் முறிந்த காலுடன் மருத்துவமனையிற் கிடந்தபோது, முறுக்கு விசை மிகுந்தால் விரற்பக்கம் கழலும் பொறியைச் சிந்தித்தார். 1939 அளவில் அது விற்பனைக்கு வந்தது. 1950களிற் பிரான்சின் லுக், ஜெர்மனியின் மார்க்கர் ஆகிய நிறுவனங்கள் அவ்வெண்ணத்தை வளர்த்தன. பின்னர் விடுவிப்பு விசை எண்ணாக்கப்பட்டது. அதுவே ஜெர்மானியத் தரநிலையின் பெயரால் டின் எண் என வழங்குகிறது. அதன் பயனாகக் கீழ்க்கால் முறிவுகள் பெரிதும் குறைந்தன. முழங்கால் நார்களுக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை.

எடை, உயரம், வயது, காலணியின் அடித்தள நீளம், சறுக்குவோரின் திறன் ஆகியவற்றைக் கொண்டு இவ்வெண் அட்டவணையிற் காணப்படுகிறது. வளரும் பிள்ளையின் எடை கூடினால் எண் உயரும். பாதம் வளர்ந்து காலணி நீண்டாலோ, நெம்பும் தூரம் மிகுவதால், எண் தாழும். ஒரே வளர்ச்சி இரு திசைகளில் இழுக்கிறது! ஆகவே சென்ற ஆண்டின் எண்ணை இவ்வாண்டுக்கும் கொள்ளுதல் தகாது.

எஸ்தோனியா உயர்மலைகளற்ற நாடு. அந்நாட்டுக் கெலி சில்டாரு 2016 சனவரியில், தமது 14ஆம் பிறந்தநாளுக்கு முன்பே, அமெரிக்காவின் அஸ்பெனில் நிகழ்ந்த எக்ஸ் போட்டியின் தடைவித்தைப் பிரிவிற் பொன் வென்றார். 2017இல் முழங்கால் காயமுற்று, 2018 ஒலிம்பிக்கை இழந்தார். 2022இல் அதே பிரிவில் வெண்கலம் பெற்றார். அக்காயத்துக்குப் பிணைப்பே காரணமென்று கொள்ளலாகாது. எனினும் இத்துறையில் மிக இளையோர் எத்துணைக் கடும் விசைகளைத் தாங்குகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

இத்தகையோர் பிணைப்புத் தேரும்போது அஞ்சுவது, தாவும் வேளையிலோ இறங்கும் வேளையிலோ பலகை காலம் தவறிக் கழன்றுவிடுதலையே. அச்சத்தால் எண்ணை உயர்த்துவோர் உளர். அது மிகப் பழைய தவற்றுக்கு மீளுதல் என்பது என் துணிபு. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு வேண்டிய எண் பெரும்பாலும் 2க்கும் 4க்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். 4 அல்லது 5இல் தொடங்கும் போட்டியாளர் பிணைப்பு, அதனை எவ்வளவு தளர்த்தினும், அவருக்கு உரிய நேரத்திற் கழலாது. உரிய எண் விற்சுருளின் வீச்சினுள், கீழும் மேலும் சிறிது இடம் விட்டு அமைதல் வேண்டும். தற்காலிக அதிர்ச்சியிற் காலணியைச் சற்று விலகவிட்டு மீண்டும் நடுவுக்குக் கொணரும் நெகிழ்ச்சி, உயர்ந்த எண்ணிலும் பயன் மிக்கது. சிறுவர் காலணியின் அடித்தளமும் பெரியோர் காலணியின் அடித்தளமும் வெவ்வேறு அளவினவாதலால், இரண்டையும் ஏற்பதும் முன்பின் நகர்த்தத்தக்கதுமான பிணைப்பே இடைப்பருவத்தினருக்கு ஏற்றது.