தோல் செய்த இன்ஜினியர்

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்றால் எங்கள் விருதுநகர் பக்கம் "ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பண்ற படிப்பா?" என்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் சிவகாசிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று இந்தத் துறைக்கு இருக்கிறது.

பெரிய தீக்காயத்தில் தோல் போய்விட்டால் உடம்பின் நீர் வெளியேறும், கிருமி உள்ளே நுழையும். நோயாளியின் தோலையே வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். பாதி உடம்புக்கு மேல் வெந்தவரிடம் எடுக்கத் தோல் ஏது?

1970 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் பர்க் என்ற சர்ஜனும், எம்.ஐ.டி.யில் பாலிமர் ஆராய்ந்த யானஸ் என்ற பேராசிரியரும் இதற்காகக் கைகோத்தார்கள். மாட்டுக் கொலாஜனோடு சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்து, நுண்துளைகள் கொண்ட சவ்வு ஒன்றைச் செய்தார்கள். மேலே சிலிக்கோன் படலம். காயம் சீக்கிரம் மூடவேண்டும் என்பதே நோக்கம். சவ்வோ காயம் சுருங்குவதைத் தாமதப்படுத்தியது! தோல்வி என்று தூக்கிப்போடாமல் உற்றுப் பார்த்தார்கள். தழும்புக்குப் பதிலாக அடித்தோல் புதிதாக வளர்ந்திருந்தது!

1981-ல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார்கள். 1996-ல் 'இன்டெக்ரா' என்ற பெயரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தை நம் ஊர் மறக்காது. விபத்தைத் தடுப்பதுதான் முதல் வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதையும் மீறி வெந்து வருபவர்களுக்கு, கட்டுப்படியாகும் விலையில் ஒரு தோல் வேண்டும். பயோமெட்டீரியல்ஸ் பேப்பரை வெறும் மார்க்குக்காகப் படிக்காதீர்கள் நண்பர்களே, அந்தத் தோல் அதற்குள்தான் இருக்கிறது.